செவுத்துல ஓதம் ஏறுதா? பெயிண்ட் வாங்கறதுக்கு முன்னாடி தண்ணி எங்கிருந்து வருதுன்னு பாருங்க

எங்க வீடு காவேரிப்பட்டணத்துல, அப்பா 1994-ல கட்டினது. கருங்கல் கடைக்கால், அதுக்கு மேல 9 இன்ச் செங்கல் செவுரு, சிமெண்ட் பூச்சு. ஹால்ல மேற்குப் பக்க செவுரு மட்டும் வருஷக்கணக்கா எங்கள படுத்தி எடுத்துச்சு. ஐப்பசி மழை முடிஞ்சா போதும், முழங்கால் உயரத்துக்கு பெயிண்ட் பொரிஞ்சு வந்து, கை வெச்சா பட்டி மாவு மாதிரி உதிரும், உள்ள வெள்ளையா உப்பு பூத்திருக்கும். ஆறு வருஷத்துல மூணு தடவை சுரண்டி, பட்டி பாத்து, பெயிண்ட் அடிச்சோம். மூணாவது தடவை ஒரு கடையில சொன்னாங்கன்னு உள்பக்கமா வாட்டர் ப்ரூஃப் கோட்டிங் ரெண்டு கை அடிச்சோம். அடுத்த மழைக்கு கோட்டிங் அடிச்ச இடம் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அதுக்கு மேல, இடுப்பு உயரத்துல புதுசா ஓதம் வந்துச்சு. தண்ணி வெளிய வர்ற வழிய அடைச்சோம், வர்ற தண்ணிய நிறுத்தல, அதனால அது இன்னும் மேல ஏறி வழி தேடிக்கிச்சு. இத புரிஞ்சுக்க எனக்கு மூணு பெயிண்ட் செலவு ஆயிருக்கு, உங்களுக்கு ஆகவேண்டாம்னுதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

செவுத்துக்குள்ள தண்ணி வர்றதுக்கு பெரும்பாலும் நாலே வழிதான். தரையிலருந்து மேல உறிஞ்சி ஏறுறது, மழை வெளிப்பக்கமா இல்ல மாடியிலருந்து உள்ள புகுறது, குழாய் பாத்ரூம் கசிவு, அப்புறம் வீட்டுக்குள்ள இருக்கற காத்துல உள்ள ஈரமே குளிர்ந்த செவுத்துல போயி தண்ணியா படியறது. நாலுக்கும் வைத்தியம் வேற வேற. ஒண்ணுக்கு உண்டான வைத்தியத்த இன்னொண்ணுக்கு செஞ்சா காசு போறது மட்டுமில்ல, எங்க வீட்டுல நடந்த மாதிரி நிலைமை மோசமாவும் ஆகும். அதனால முதல்ல ஒரு நோட்டு எடுங்க. எந்த செவுரு, தரையிலருந்து எவ்ளோ உயரம், எந்த மாசம், கடைசியா மழை பேஞ்சது எப்போ, இது நாலையும் எழுதுங்க. செல்போன்ல ஃபோட்டோ எடுக்கும்போது பக்கத்துல ஒரு அளக்கற டேப்பு வெச்சு எடுங்க, ஓதத்தோட விளிம்புல பென்சில்ல கோடு போட்டு தேதி எழுதுங்க. ரெண்டு மாசம் கழிச்சு பாத்தா அந்த கோடே பாதி விஷயத்த சொல்லிடும்.

கண்ணால பாக்கறதுல என்ன தெரியும்னா, தரையிலருந்து ஏறுற ஓதம் செவுரு நீளத்துக்கும் ஒரு அலை மாதிரி விளிம்போட இருக்கும், சாதாரணமா ஒரு மீட்டர் உயரத்துக்குள்ள நிக்கும், சில வீட்டுல ஒன்றரை மீட்டர் வரைக்கும் போகும், மேல் விளிம்புல உப்பு பட்டையா தெரியும். மழை புகுறது திட்டு திட்டா இருக்கும், மழை பேஞ்ச கொஞ்ச நேரத்துலயோ மறுநாளோ கருத்து, வெயில் அடிச்சா காயும். குழாய் கசிவுக்கு மழை வெயில் எல்லாம் கணக்கில்ல, சித்திரை வெயில்லயும் அந்த திட்டு அப்படியே இருக்கும். காத்து ஈரம் படியறது மூலையில, பீரோவுக்கு பின்னாடி, ஜன்னல் ஓரத்துல கருப்பு கருப்பா பூஞ்சையா வரும், அங்க உப்பு அவ்வளவா இருக்காது. ஆனா ரெண்டு காரணம் ஒண்ணா சேந்து இருக்கற வீடுங்களும் உண்டு, அதனால கண்ண மட்டும் நம்பி முடிவு கட்டாதீங்க.

செலவே இல்லாத சோதனை ஒண்ணு இருக்கு. சமையல்ல சப்பாத்தி சுத்தற அலுமினிய ஃபாயில் ஒரு அடிக்கு ஒரு அடி வெட்டி, ஓதம் இருக்கற இடத்துல வெச்சு நாலு பக்கமும் காத்து போகாத மாதிரி டேப்பு ஒட்டிடுங்க. பொரிஞ்ச பெயிண்ட் மேல ஒட்டினா டேப்பு நிக்காது, சுரண்டிட்டு ஒட்டணும். ஒரு நாள் ரெண்டு நாள் விட்டு பாருங்க. ஃபாயிலுக்கு வெளிப்பக்கம், அதாவது ரூம் பக்கம், தண்ணி முத்து முத்தா நின்னா அது காத்துலருந்து வந்த ஈரம். பிரிச்சு பாக்கும்போது உள்பக்கம் ஈரமா இருந்தா செவுத்துக்குள்ளருந்து வருது. காங்கிரீட் தரைக்கும் இதே மாதிரி ஒரு முறை உண்டு, 18 இன்ச்சுக்கு 18 இன்ச் பிளாஸ்டிக் ஷீட்ட ஒட்டி குறைஞ்சது 16 மணி நேரம் விட்டு பாப்பாங்க, டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்னாடி இத செஞ்சுக்கறது நல்லது.

அடுத்தது வீட்டு காத்துல எவ்ளோ ஈரம் இருக்குன்னு காட்டற ஹைக்ரோமீட்டர். சின்ன டிஜிட்டல் கடிகாரம் மாதிரி இருக்கும், சில நூறு ரூபாதான், ஆன்லைன்ல வாங்கலாம். விலை குறைஞ்சதுங்கறதால நம்பர் கொஞ்சம் முன்ன பின்ன காட்டும், அத நீங்களே சரிபாக்கலாம். ஒரு பாட்டில் மூடியில கல் உப்பு போட்டு நாலஞ்சு சொட்டு தண்ணி விடுங்க, உப்பு கரையக்கூடாது, ஈர மணல் மாதிரி இருக்கணும். அந்த மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப் கவர்ல போட்டு மூடி ராத்திரி முழுக்க விடுங்க. உள்ள இருக்கற காத்து 75 சதவீதத்துல வந்து நிக்கும், அது உப்போட குணம். உங்க மீட்டர் 70 காட்டினா எப்பவும் 5 கூட்டிக்கணும்னு மேல எழுதி ஒட்டிடுங்க. ரூம்ல 60-க்குள்ள இருந்தா கவலையில்ல, செவுத்த ஒட்டின காத்து 80-க்கு மேலயே நாள் கணக்கா நின்னா பூஞ்சை வந்தே தீரும்.

இத நான் நல்லா கத்துக்கிட்டது தளி பக்கம் இருக்கற எங்க மாமா வீட்டுல. அந்த பக்கம் மார்கழி தை மாசத்துல பனி எப்படி இருக்கும்னு ஓசூர் தேன்கனிக்கோட்டைகாரங்களுக்கு சொல்லவே வேணாம். படுக்கை ரூம்ல வடக்கு மூலையில கருப்பா பூஞ்சை, மாமா அது மாடி ஒழுகல்னு நெனச்சு மேல கெமிக்கல் அடிக்க ஆள் பேசிட்டாரு. நான் சொன்னேன், "மாமா ஒரே ஒரு வாரம் பொறுங்க, அளந்து பாத்துட்டு அடிச்சிக்கலாம்." ராத்திரி ரூம்ல 22 டிகிரி, ஈரம் 80 சதவீதம். இதுக்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கு, 100-லருந்து 80 கழிச்சா 20, அத 5-ஆல வகுத்தா 4, அந்த 4-அ 22-லருந்து கழிச்சா 18. அதாவது 18 டிகிரிக்கு கீழ குளிர்ந்த எந்த இடத்துலயும் அந்த காத்து தண்ணியா படியும். இது தோராயம்தான், ஈரம் 50 சதவீதத்துக்கு மேல இருந்தாதான் சரியா வரும், ஆனா வீட்டுக்கு இது போதும். கொரோனா காலத்துல வாங்கின நெத்தியில காட்டற தெர்மாமீட்டர்ல பொருளோட சூடு பாக்கற மோட் இருந்துச்சு, அத மூலைக்கு நேரா புடிச்சா 17. வேற சாட்சி வேணுமா, அந்த ரூம்லயே கொடி கட்டி ஈரத்துணி காயப்போட்டிருந்தாங்க, ஒட்டி இருக்கற பாத்ரூம்ல வெந்நீர் ஆவி வேற, குளிருக்கு பயந்து ஜன்னல் மூடியே இருக்கும், பீரோ செவுத்தோட ஒட்டி நின்னுச்சு. துணிய வெளிய மாத்தி, பீரோவ அரை அடி தள்ளி வெச்சு, பாத்ரூம்ல எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு, வெயில் ஏறினப்புறம் ரெண்டு பக்க ஜன்னலையும் திறந்து விட்டாங்க. பூஞ்சைய மாஸ்க் போட்டுக்கிட்டு ஈரத்துணியில துடைச்சு எடுத்தோம், காய்ஞ்சத அப்படியே தேய்ச்சா அந்த தூள் மூச்சுல போகும், வீட்டுல வீசிங் இருக்கறவங்க கண்டிப்பா அந்த ரூம்ல இருக்கக்கூடாது. மாடிக்கு கெமிக்கல் தேவையே படல.

இப்ப மாய்ஸ்சர் மீட்டருக்கு வர்றேன், இதுலதான் ஏமாறுறவங்க அதிகம். ரெண்டு ஊசி இருக்கற மீட்டர் ஆயிரம் ரெண்டாயிரத்துல கிடைக்குது. அது ஊசிக்கு ஊசி கரண்ட் எவ்ளோ சுலபமா போகுதுன்னு பாத்துதான் ஈரத்த சொல்லுது, அந்த கணக்கு மரத்துக்கு போட்டது. செங்கல்லுலயோ பூச்சுலயோ வெச்சு 25 சதவீதம்னு காட்டினா அதுக்கு செவுத்துல கால்வாசி தண்ணின்னு அர்த்தமே இல்ல. அது மட்டுமில்ல, உப்பு இருந்தா கரண்ட் இன்னும் நல்லா போகும், அதனால உப்பு பூத்த செவுரு கொஞ்சமா ஈரமா இருந்தாலும் மீட்டர் கத்தும். ஊசி இல்லாம தட்டையா வெச்சு பாக்கற மீட்டரும் உண்டு, அது பூச்சுக்கு உள்ளயும் கொஞ்சம் பாக்கும், ஆனா பின்னாடி கம்பியோ இரும்பு குழாயோ இருந்தா தப்பா காட்டும். வாட்டர் ப்ரூஃபிங்குக்கு ஆள் வந்து ஒரே இடத்துல மீட்டர வெச்சு சிவப்பு லைட்ட காட்டி "பாத்தீங்களா சார்"னு சொன்னா அத வெச்சு கையெழுத்து போட்டுடாதீங்க.

அப்ப மீட்டர் வேஸ்டான்னா இல்ல, ஒப்பிட்டு பாக்க அது ரொம்ப நல்ல பொருள். செவுத்துல பென்சில்ல கட்டம் போடுங்க. தரையிலருந்து 15 செ.மீ, 45, 75, 105, 135 இப்படி உயரத்துக்கு அஞ்சு புள்ளி, நீளவாக்குல மூணு அடிக்கு ஒரு வரிசை. ஸ்விட்ச் போர்டுக்கு மேல கீழ வயர் போற கோட்டுல ஊசி குத்தாதீங்க. அப்புறம் அதே வீட்டுல நல்லா காய்ஞ்ச ஒரு உள் செவுத்துலயும் அதே உயரத்துல அளந்து வெச்சுக்கங்க, அதுதான் உங்க அளவுகோல். மாசத்துக்கு ஒரு தடவை, முடிஞ்சா மழைக்கு முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு. எங்க வீட்டு நோட்டுல கீழ் வரிசை எல்லாம் அதிகம், மேல போகப்போக படிப்படியா குறைஞ்சு, 105-ல திடீர்னு எகிறி, 135-ல காய்ஞ்ச செவுரு மாதிரியே இருந்துச்சு. அந்த 105-ல எகிறினது தண்ணி இல்ல, தண்ணி கொண்டாந்து விட்டுட்டு போன உப்பு. செவுரு நீளத்துக்கும் இதே மாதிரி இருந்ததுனால குழாய் கசிவு இல்லன்னு முடிவாச்சு, ஏன்னா குழாயா இருந்தா ஒரு இடத்துல உச்சமா இருந்து சுத்தி குறையும்.

இன்னும் உறுதியா வேணும்னா செவுத்துக்குள்ளருந்து தூள் எடுத்து எடை போட்டு பாக்கணும், எனக்கு இதுலதான் நம்பிக்கை அதிகம். 8 அல்லது 10 மி.மீ டிரில் பிட்ட மெதுவா ஓட்டுங்க, வேகமா ஓட்டினா சூட்டுல ஈரம் போயிடும். முதல்ல வர்ற பூச்சுத் தூள விட்டுட்டு, உள்ள செங்கல் தூள மட்டும் ஜிப் கவர்ல புடிச்சு உடனே மூடுங்க. நகை எடை போடற மாதிரி சின்ன டிஜிட்டல் தராசுல 20 கிராம் எடுத்து, ஓவன்ல 105 டிகிரியில எடை குறையறது நிக்கற வரைக்கும் காயவெச்சு திரும்ப எடை போடுங்க. எங்களுக்கு கீழ் வரிசையில 20 கிராம் 18.6 ஆச்சு. குறைஞ்ச 1.4-அ 18.6-ஆல வகுத்தா 7.5 சதவீதம். செங்கல் செவுத்துல 5 சதவீதம் தாண்டினா தண்ணி எங்கிருந்தோ வந்துக்கிட்டே இருக்குன்னு எடுத்துக்கலாம். காய்ஞ்ச அந்த தூள தூக்கி போடாதீங்க, முன்னாடி சொன்ன மாதிரி ஈர உப்போட ஒரு டப்பாவுக்குள்ள வெச்சு டப்பாவ மூடி, தூள் மட்டும் திறந்தபடி ஒரு வாரம் விட்டுட்டு மறுபடி எடை பாருங்க. எங்களுது 19 கிராம் ஆச்சு, அதாவது உப்பு காத்துலருந்தே 2 சதவீதத்துக்கு மேல ஈரத்த இழுத்துக்குது, மீதி 5 சொச்சம்தான் தரையிலருந்து வர்ற நிஜமான தண்ணி. ஒரே ஒரு எச்சரிக்கை, ஜிப்சம் பூச்சு தூள 105-ல வெக்காதீங்க, ஜிப்சத்தோட கட்டுக்குள்ள இருக்கற தண்ணியும் போயி கணக்கு தப்பாயிடும், அதுக்கு 40 டிகிரி போதும்.

தருமபுரி டவுன்ல சித்தி வீட்டு கதை வேற. படுக்கை ரூம் செவுத்துல ரெண்டடி உயரத்துல ஒரு தட்டு அளவு ஈரம், வருஷம் பூரா ஒரே மாதிரி. செவுத்துக்கு அந்தப்பக்கம் பாத்ரூம். முதல்ல டேங்க் சோதனை, ராத்திரி டேங்க நிரப்பி மோட்டார ஆஃப் பண்ணி, எல்லா டேப்பையும் மூடி, தண்ணி மட்டத்த அளந்து வெச்சோம், காலையில மட்டம் இறங்கல. அப்ப பிரஷர்ல தண்ணி வர்ற குழாய் நல்லா இருக்கு, வெளிய போற கழிவுத் தண்ணி வழியிலதான் தப்பு. பாத்ரூம் தரை ஓட்டைய துணி வெச்சு நல்லா அடைச்சு, ரெண்டு இன்ச் தண்ணி கட்டி, அதுல கேசரி பவுடர் கலந்து 24 மணி நேரம் விட்டோம். மூணாம் நாள் செவுத்துல ஆரஞ்சு கலர் லேசா தெரிஞ்சுச்சு. தரை ட்ராப் ஜாயிண்ட்ட சுத்தி சிமெண்ட் விட்டுப்போயிருந்துச்சு, அந்த இடத்த மட்டும் நாலு டைல்ஸ் உடைச்சு சரி பண்ணாங்க. பாத்ரூம் முழுக்க இடிக்கணும்னு முதல்ல வந்தவங்க சொல்லியிருந்தாங்க.

மழை புகுற வீட்டுக்கு ஹோஸ் பைப்புதான் மீட்டர். 2024 டிசம்பர் ஆரம்பத்துல ஃபெஞ்சல் புயல் கரை கடந்தப்புறம் ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 செ.மீ மழை கொட்டிச்சு, அந்த நேரத்துல அந்த பக்கமும் அரூர் பக்கமும் இருபது வருஷமா ஒழுகாத வீடெல்லாம் ஒழுகிச்சு. அப்படி ஒரு மழையில நனைஞ்சத வெச்சு வீடே சரியில்லன்னு முடிவு பண்ணவேண்டாம், காய விட்டு அடுத்த சாதா மழையில பாருங்க. திரும்ப வந்தா வெளிச்செவுத்துல கீழருந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு உயரத்துலயும் 15, 20 நிமிஷம் தண்ணி அடிச்சு, உள்ள ஒருத்தர நிக்க வெச்சு பாக்க சொல்லுங்க. மேலருந்து ஆரம்பிச்சா தண்ணி கீழ வழிஞ்சு எந்த விரிசல் வழியா போச்சுன்னே தெரியாது. சன்ஷேட் செவுத்தோட சேர்ற இடம், ஜன்னல் ஃப்ரேம் ஓரம், மாடி கைப்பிடி செவுத்தோட அடிப்பாகம், இந்த மூணும்தான் அனேகமா இருக்கும். ஹாலோ பிளாக் வீடா இருந்தா ஒரு இடத்துல புகுந்த தண்ணி உள்ள இருக்கற ஓட்டை வழியா இறங்கி வேற எங்கயோ வரும், அதனால உள்ள ஈரம் தெரியற இடத்துக்கு மேல இருக்கற எல்லா வரிசையையும் சோதிங்க. மாடியில பத்தடிக்கு ஒரு இன்ச்சாவது சரிவு வேணும், தட்டு ஓடு பதிச்சிருந்தா இடுக்குல சிமெண்ட் போயிருக்கான்னு பாருங்க, தண்ணி போற குழாய் வாயில இலை அடைச்சிருக்கறத ஆவணி மாசமே எடுத்துடுங்க.

எங்க வீட்டுக்கு வருவோம். தரையிலருந்து ஏறுதுன்னு தெரிஞ்சாச்சு, ஆனா அப்பா அடிச்சு சொன்னாரு, பேஸ்மென்ட் மேல டிபிசி போட்டிருக்கோம், கூடவே நின்னு போட்டேன்னு. செவுத்துக்கு குறுக்க தண்ணி ஏறாம தடுக்க போடற அந்த காங்கிரீட் பட்டை நல்லா இருந்தா ஓதம் எப்படி ஏறும்? மேற்குப் பக்க சந்துல ஓரமா ஒரு குழி வெட்டி பாத்தப்பதான் விளங்கிச்சு. தெருவுல சிமெண்ட் ரோடு போடும்போது ரோடு உயர்ந்துச்சு, தண்ணி உள்ள வரக்கூடாதுன்னு நாங்களே சந்துல மண்ண கொட்டி உயர்த்தி மேல சிமெண்ட் தரை போட்டோம், துவைக்கற கல்லும் அங்கதான். டிபிசி வெளித்தரைக்கு குறைஞ்சது 15 செ.மீ மேல இருக்கணும், எங்களுது மண்ணுக்குள்ள ஒரு சாண் கீழ புதைஞ்சு கெடந்துச்சு. துவைக்கற தண்ணி பூரா டிபிசிக்கு மேல இருக்கற செங்கல்லுல நேரா ஊறியிருக்கு. உள்ள எத்தன கோட்டிங் அடிச்சு என்ன பிரயோஜனம்.

ரெண்டு ஆள் வெச்சு ரெண்டு நாள்ல சந்த வெட்டி மண்ண எடுத்தோம், டிபிசிக்கு ஒரு சாண் கீழ இருக்கற மாதிரி. கடைக்காலுக்கு கீழ வரைக்கும் தோண்டக்கூடாது, கல் கட்டுக்கு புடிமானம் போயிடும். அப்புறம் செவுத்துக்கு எதிர்ப்பக்கம் சரிவு வர்ற மாதிரி மூணடி அகலத்துக்கு காங்கிரீட் போட்டு, ஓரத்துல ஒரு வாய்க்கால் விட்டு மழைத்தண்ணி தொட்டியில சேத்தோம். வெளிப்பூச்சு டிபிசிய மூடிக்கிட்டு தரை வரைக்கும் இறங்கியிருந்துச்சு, அது வழியாவும் தண்ணி ஏறும், அந்த கோட்டுல நாலு இன்ச் பட்டையா பூச்ச கொத்தி எடுத்தோம். துவைக்கற கல்ல பின்னாடி மாத்தினோம்.

உள்பக்கம் ஓதம் நின்ன கோட்டுக்கு ஒரு அடி மேல வரைக்கும் பூச்ச செங்கல் தெரியற அளவுக்கு கொத்தி எடுத்தோம், உப்பு பூரா அந்த பூச்சுலதான் இருக்கும், அத வீட்டு பக்கத்துலயே கொட்டாதீங்க, மழையில கரைஞ்சு திரும்ப மண்ணுல சேரும். செங்கல் மேல பூக்கற உப்ப காய்ஞ்ச பிரஷ்ல தேய்ச்சு முறத்துல வாரி எடுங்க, தண்ணி ஊத்தி கழுவினா கரைஞ்சு திரும்ப உள்ள போயிடும். எங்களுக்கு வாரா வாரம் எடுத்தும் ஒன்றரை மாசம் பூத்துக்கிட்டே இருந்துச்சு, அது பயப்படற விஷயமில்ல, உள்ள இருக்கறது வெளிய வருதுன்னு அர்த்தம்.

காயறதுக்கு பொறுமை வேணும். செவுரு ஒரு இன்ச் காய ஒரு மாசம்னு ஒரு பழைய கணக்கு சொல்வாங்க, அப்படி பாத்தா 9 இன்ச் செவுத்துக்கு ஒம்போது மாசம். நம்ம ஊர் மாசி பங்குனி சித்திரை வெயில்ல, ரெண்டு பக்கமும் திறந்து இருந்தா சீக்கிரமே காயும், அதனால இந்த வேலைய தை மாசம் ஆரம்பிக்கறதுதான் புத்திசாலித்தனம். ஃபேன் வெச்சு காத்து ஓடவிடுங்க, ஹீட்டர் வெச்சு வறுக்காதீங்க. எங்களுக்கு வைகாசியில கீழ் வரிசை தூள் 3 சதவீதத்துக்கு வந்துச்சு, அதுக்கப்புறம்தான் பூசினோம், சிமெண்ட் இல்ல, சுண்ணாம்பும் மணலும். சுண்ணாம்பு பூச்சு மிச்சமிருக்கற ஈரத்த வெளிய விட்டுக்கிட்டே இருக்கும். மேல பிளாஸ்டிக் மாதிரி மூடற எமல்ஷன் அடிக்காம வெள்ளை சுண்ணாம்பே அடிச்சோம், பாக்க பழைய காலத்து வீடு மாதிரி இருக்குன்னு தங்கச்சி குறைபட்டா, எனக்கு அதுதான் புடிச்சிருக்கு. பென்னாகரம் பாலக்கோடு பக்கம் இன்னும் மண் செவுரு, கல்லும் மண்ணும் வெச்சு கட்டின செவுரு நெறைய இருக்கு, அதுக்கு மேல தயவுசெஞ்சு சிமெண்ட் பூசாதீங்க, சிமெண்ட் விரிசல்ல புகுற தண்ணி வெளிய வர முடியாம உள்ள மண்ண சேறாக்கிடும்.

டிபிசியே இல்லாத பழைய வீடுன்னா, தரைக்கு மேல முதல் சிமெண்ட் வரிசையில 12 மி.மீ ஓட்டை 12 செ.மீக்கு ஒண்ணு போட்டு செங்கல் கட்டுக்குள்ள பரவி தண்ணி ஏறாம தடுக்கற சிலேன் க்ரீம ஏத்தற முறை இருக்கு. செங்கல் கட்டுல அது வேலை செய்யும், கருங்கல் ஒழுங்கில்லாம அடுக்கின செவுத்துல க்ரீம் பரவறது கஷ்டம். அத பண்றதுக்கு முன்னாடியும் வெளித்தரைய இறக்கிட்டு ஒரு மழைக்காலம் பாருங்க, பாதி வீட்டுக்கு அதுவே போதும்.

இப்ப புதுசா கட்டறவங்களுக்கு. நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு ஜில்லாவுலயும் போர் தண்ணி எப்படின்னு தெரியும், ஃப்ளோரைடு பிரச்சனைக்காகத்தான் 2013-ல ஒகேனக்கல் கூட்டுக்குடிநீரே வந்துச்சு. ஃப்ளோரைடு பல்லுக்கும் எலும்புக்கும்தான் கெடுதல், செவுத்துக்கு எதிரி குளோரைடும் சல்ஃபேட்டும். வீட்டுல இருக்கற டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்ப மட்டும்தான் சொல்லும், எந்த உப்புன்னு சொல்லாது. கட்டறதுக்கு முன்னாடி போர் தண்ணிய லேப்ல குடுத்து பாத்துடுங்க, கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராம், சல்ஃபேட் 400, இது காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 சொல்ற உச்சவரம்பு. அதே மாதிரி செங்கல், லோடு இறக்கினதும் அஞ்சு கல்ல காயவெச்சு எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணியில ஊறப்போட்டு திரும்ப எடை போடுங்க. சாதா செங்கல் 20 சதவீதத்துக்கு மேல தண்ணி குடிக்கக்கூடாது, 3 கிலோ கல்லு 3.6 கிலோவ தாண்டினா அந்த லோட திருப்பி அனுப்புங்க. இன்னொரு அஞ்சு கல்ல ஒரு இன்ச் தண்ணி இருக்கற தட்டுல நிக்க வெச்சு தண்ணி வத்தறவரைக்கும் விடுங்க, அப்பவே வெள்ளையா பூத்தா நாளைக்கு உங்க ஹால்லயும் பூக்கும். மேஸ்திரி "இதெல்லாம் யாருங்க பாக்கறாங்க"ன்னு சொல்லுவாரு, நீங்க பாருங்க. டிபிசிய மட்டும் கூடவே நின்னு, எங்கயும் விட்டுப்போகாம போடச்சொல்லுங்க, படிக்கட்டும் திண்ணையும் வெளிய ஒட்டி கட்டற இடத்துல அது மேல மண்ணு ஏறிடாம பாத்துக்கங்க.

பூச்சு முடிஞ்சு கிரகப்பிரவேச தேதி நெருங்குதுன்னு பத்தே நாள்ல பட்டி பாத்து பெயிண்ட் அடிக்கறது இங்க ரொம்ப சகஜம். கியூரிங்குக்கு ஊத்தின தண்ணியே செவுத்துக்குள்ள நெறைய இருக்கும், பூச்சு முடிஞ்சு குறைஞ்சது 28 நாள் விடணும், மழைக்காலமா இருந்தா இன்னும் கூட. தேதி மாத்த முடியலன்னா ப்ரைமர் மட்டும் கூட அடிக்காம, ஒரு கை சுண்ணாம்பு அடிச்சு பால் காய்ச்சிடுங்க, பட்டியும் கலரும் அடுத்த கோடையில பண்ணிக்கலாம். பண்றதுக்கு முன்னாடி நாள் ஃபாயில் ஒட்டி பாருங்க.

இது எல்லாத்துக்கும் முந்தி ஒண்ணு, ஈரமான செவுத்த தொட்டா லேசா ஷாக் அடிக்கற மாதிரி இருந்தாலோ, ஓதம் ஸ்விட்ச் போர்டு வரைக்கும் வந்திருந்தாலோ மீட்டர் நோட்டு எதையும் எடுக்காதீங்க, மெயின ஆஃப் பண்ணிட்டு எலக்ட்ரீஷியன கூப்பிடுங்க. கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஸ்விட்ச் இல்லாத வீடா இருந்தா அன்னைக்கே போட சொல்லிடுங்க.